அடவும் மனோதர்மமும்: வாசகர் கேள்வி–பதில்

மார்கழித் திருவாதிரை நெருங்கினால் நெல்லைப் பக்கத்துப் பரதநாட்டியப் பள்ளிகளில் விடியற்காலையிலேயே சலங்கைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். நடராசர் ஆடும் தாமிர சபை இருக்கிற ஊர் அல்லவா! இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சுற்றி வருகின்றன. பிழையே வரக்கூடாது என்று பிடித்துக்கொண்டால் பிள்ளையின் கற்பனை வற்றிவிடுகிறது. கற்பனைக்கு விட்டால் அடவு (காலும் கையும் சேர்ந்த அடிப்படை அசைவு) கலைகிறது. எங்கள் எண்ணம் இதுதான்: காலமும் (ஆட்டத்தின் வேகம்) அங்கமும் பிசகாமல் நிற்பதற்கு ஒரு நேரம், தானாக யோசித்து ஆடுவதற்கு, அதாவது மனோதர்மத்துக்கு, ஒரு நேரம் என்று இரண்டுக்கும் தனித்தனியாகப் பயிற்சி வேண்டும். ஒன்று கைவந்தால் மற்றது தானே வந்துவிடும் என்று காத்திருந்தவர்களுக்கு அது வந்ததில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வரும் சித்திரையில் அரங்கேற்றம். வர்ணத்தின் (நீண்ட, முக்கிய நடனப் பாட்டு) திரிகால ஜதியில் (மூன்று வேகத்தில் வரும் தாளச்சொல் ஆட்டம்) ஒரு அடி தப்பினாலும் நிறுத்திவிட்டு, “முதல்ல இருந்து” என்கிறாள். சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது. பிற்பாதியான சரணத்துப் பக்கமே போக முடியவில்லை. அழுகை வேறு. என்ன செய்வது?
(ஒரு தாய், பாளையங்கோட்டை)

பதில்: அந்த “முதல்ல இருந்து” என்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்துக்கே போனால் ஜதியின் முதல் பாதி நூறு தடவை உடம்பில் ஏறும். கடைசிப் பகுதி பத்துத் தடவைகூட ஏறாது. மேடையில் மூச்சு வாங்குகிற நேரத்தில் வருவதோ அந்தக் கடைசிப் பகுதி. நன்றாக உழைத்த பிள்ளைகள் பலர் ஜதியின் முடிவில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

ஜதியை நாலு துண்டாக்குங்கள். நாலாம் துண்டை மட்டும் ஐந்து முறை ஆடட்டும். பிறகு மூன்றும் நாலும் சேர்த்து, பிறகு இரண்டிலிருந்து, கடைசியில் முழுவதும். இப்படிப் பின்னாலிருந்து கட்டினால் ஆட ஆடத் தெரிந்த இடத்தை நோக்கியே போகிறாள். பயம் பாதி குறைந்துவிடும்.

அடுத்தது, பிழை எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பது. ஒரு நோட்டில் தேதி போட்டு, தப்பிய இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் படம் தெளிவாகும். எப்போதும் ஒரே இடத்தில் தப்பினால் அது பெரும்பாலும் இணைப்புக் கோளாறு: ஒரு அடவு முடிந்த காலும் அடுத்தது தொடங்க வேண்டிய காலும் ஒன்றாகவே இருக்கும், எடை மாறாமல் நிற்பாள். அந்த இரண்டு அடவை மட்டும், முன்னால் நாலு எண்ணிக்கை பின்னால் நாலு எண்ணிக்கை சேர்த்து, மெதுவாகப் பத்து முறை போட்டால் சரியாகும். தப்புகிற இடம் தினமும் மாறுகிறது, ஆனால் எப்போதும் பிற்பாதியில்தான் என்றால் அது மூச்சும் தொடைபலமும். ஜதியை எத்தனை முறை திருத்தினாலும் அது போகாது. இடைநிற்காமல் நீளமாக ஆடித்தான் போக்க வேண்டும். மூன்றாம் காலத்தில் மட்டும் தப்பினால் வேகம் அவள் கையை மீறியிருக்கிறது. வீட்டில் சரி, ஆட்கள் வந்தால் மட்டும் தப்பு என்றால் அது கூச்சம்; வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டு அத்தை, பெரியம்மா, பிள்ளைகள் என நாலு பேரை உட்கார வைத்து ஆட விடுவதே வைத்தியம்.

வேகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நட்டுவாங்கத் தட்டு (குரு போடும் தாளத் தட்டு) நிமிடத்துக்கு 60 என்றால், தட்டுக்கு ஒரு அடியாக முதல் காலம் போகும். ஒவ்வொரு காலத்திலும் வேகம் இரட்டிப்பதால் அதே தட்டில் மூன்றாம் காலம் நிமிடத்துக்கு 240 அடி, அதாவது நொடிக்கு நாலு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரைமண்டியை (முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை) விடாமல் அது கடினம். ஆகவே மூன்றாம் காலம் எந்த வேகத்தில் சுத்தமாக விழுகிறதோ அதை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து முதல் காலத்தை வகுத்துக்கொள்ளுங்கள். 45 தட்டு என்றால் மூன்றாம் காலம் 180 அடி. அங்கே மூன்று நாள் தொடர்ந்து சுத்தமாக வந்தால் 48, பிறகு 51 என்று ஏற்றலாம். முதல் காலம் இழுவையாகத் தெரிகிறதே என்று அவசரப்படுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. அலைபேசியில் தாளக்கருவிச் செயலி இருந்தால் போதும், தட்டுக்கழி தேடி அலைய வேண்டாம். எந்த வேகத்தில் நிற்பது என்பதை மட்டும் குருவிடம் கேட்டு வையுங்கள்.

நாளுக்கு ஒரு முறை “நிற்காத ஓட்டம்” இருக்கட்டும். அதில் ஒரே விதி: தப்பினாலும் நிற்கக்கூடாது. அரைமண்டியிலேயே, மார்புக்கு நேரே கடகாமுக முத்திரை பிடித்து, மனதுக்குள் தாளத்தை விடாமல் இருந்து, அடுத்த சமத்தில் (தாளம் தொடங்கும் தட்டு) சேர்ந்துகொள்ள வேண்டும். இதையும் பழக்கித்தான் வர வைக்க முடியும். நீங்கள் நினைத்த இடத்தில் கை தட்டுங்கள். தட்டினால் அவள் நாலு எண்ணிக்கை அப்படியே நின்று பிறகு சேர வேண்டும். பத்து நாளில் அவளுக்கே ஒரு தைரியம் வரும். பிழை இல்லாத ஆட்டம் என்று மேடையில் நாம் பார்ப்பதில் பாதி இப்படிச் சேர்ந்துகொள்ளத் தெரிந்த ஆட்டம்தான்.

ரெண்டு மணி நேரத்தை இப்படி வைத்துப் பாருங்கள்: உடம்பு சூடாக்க 15 நிமிடம், திருத்த வேண்டிய இரண்டே இடங்களுக்கு 30 நிமிடம், கடிகாரம் அடித்ததும் பாதியில் இருந்தாலும் விட்டுவிட வேண்டும், முதல் நாள் வர்ணத்தின் முற்பாதி, மறுநாள் சரணம் என்று மாற்றி 25 நிமிடம், தண்ணீர் குடித்து உட்கார 10, மிச்சம் அபிநயமும் நிற்காத ஓட்டமும். அழுகை வந்தால் அன்றைக்கு ஜதியை மூடிவைத்து, வர்ணத்தின் பல்லவி வரியை உட்கார்ந்தபடியே பாடி அபிநயம் பிடிக்கச் சொல்லுங்கள். அரங்கேற்றம் வரை அவளுக்குக் கால் எவ்வளவு தேவையோ அவ்வளவு அதுவும் தேவை.

கேள்வி: எனக்கு 17 வயது. அடவு சுத்தமாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் பதம் (அபிநயத்துக்கான பாட்டு) ஆடினால் முகம் கல் மாதிரி இருக்கிறதாம். டீச்சர் காட்டியதை அப்படியே செய்கிறேன்; “நீயா ஏதாவது செய்” என்றால் ஒன்றும் தோன்றவில்லை. மனோதர்மத்தைப் பயிற்சி செய்ய முடியுமா?
(மாணவி, தென்காசி)

பதில்: முடியும் தங்கச்சி. பரதக் கலைஞர் பாலசரஸ்வதி (1918–1984) ஒரே வரியை ஒவ்வொரு முறையும் புதிதாக விரிப்பதற்குப் பேர் பெற்றவர். அவருடைய குரு கந்தப்பப் பிள்ளை தஞ்சை நால்வர் என்ற நடன ஆசிரியர்களின் வழி வந்தவர், மிகக் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பு அந்தக் கற்பனைக்குத் தடையாக இருக்கவில்லை. உங்கள் சுத்தமான அடவை நீங்கள் விடவே தேவையில்லை.

உங்கள் ஊர்ப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியை ருக்மிணி தேவி 1944-இல் தாம் நிறுவிய கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியில் நாட்டிய நாடகமாக்கினார். அதில் குறத்தி தன் மலைவளத்தைச் சொல்கிற பாட்டில், ஆண்குரங்கு பழம் கொடுத்து மந்தியைக் கொஞ்சுகிறது. தேனருவியின் திரை வானம் வரை எழும்பி, சூரியனின் குதிரைக்காலும் தேர்க்காலும் அதில் வழுக்குகின்றன. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதல் வேலை: ஒவ்வொரு சொல்லுக்கும் கை பிடித்து, தாளத்தோடு நேராக அர்த்தம் மட்டும் காட்டுங்கள். இதில் கற்பனை வேண்டாம். கை போகும் இடத்துக்குக் கண் போகிறதா என்று மட்டும் பாருங்கள். முகம் கல்லாகத் தெரிபவர்களில் பலருக்கு முகத்தில் குறையே இராது. கை ஒரு பக்கம் போக, கண் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடவுப் பயிற்சியில் நேரே பார்த்துப் பழகிய கண் அது. இதைத் திருத்தினாலே முகம் பாதி உயிர்த்துவிடும்.

இரண்டாவது: பேசுவது யார், யாரிடம் என்று முடிவு செய்யுங்கள். குரங்கைப் பற்றிப் பாடுவது குறத்தி. தன் மலையைப் பற்றிய பெருமை அவளுக்கு. முன்னே நிற்பவள் வசந்தவல்லி, பெரிய வீட்டுப் பெண். ஆகவே குரங்காக மாறினாலும் திரும்பி வரும்போது அந்தப் பெருமைக்கே வர வேண்டும். இந்தத் திரும்பி வருதல் இல்லாவிட்டால் வெறும் வேடிக்கைச் சேட்டையாகிவிடும்.

மூன்றாவது, பார்ப்பது. குற்றாலத்துக்கு நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். இந்த முறை குரங்குக்காகவே அரைமணி நேரம் உட்காருங்கள். பழம் கிடைத்தால் முதலில் இரண்டு பக்கமும் பார்க்கும், பிறகுதான் பிடுங்கும், பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு தின்னும். தலையைச் சொறிவதை மட்டும் எடுக்காதீர்கள். குரங்கு என்றதும் எல்லாரும் செய்வது அதுதான். மற்ற குரங்கிடம் பழத்தை நீட்டுவதற்கு முன் வருகிற தயக்கம் இருக்கிறதே, அங்கேதான் கொஞ்சல் இருக்கிறது. கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலுக்குப் போனால் குறவன், குறத்தி சிற்பங்களில் தோளும் கழுத்தும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கவனியுங்கள். கல்லில் இருக்கிற இடுப்பு ஒடிவை மட்டும் அப்படியே உடம்பில் எடுக்கப் பார்க்காதீர்கள், முதுகு தாங்காது.

இனி உங்கள் சொந்த வேலை. தேர்க்கால் வழுக்குகிற இடத்துக்கு மூன்று விதம் செய்யுங்கள். ஒன்றில் நீங்கள் குதிரை. ஒன்றில் தேரோட்டி, கடிவாளம் கையில் இறுகுகிறது. ஒன்றில் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற குறத்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: முதலாவதில் இரண்டு கையும் ஒரே முத்திரை, இரண்டாவதில் காலை அசைக்கக்கூடாது, மூன்றாவதில் கண்ணும் புருவமும் மட்டும். “எது வேண்டுமானாலும் செய்” என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. குறுக்கி வைத்தால்தான் தோன்றும்.

ஒரு எண்ணத்துக்கு நாலு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) மேல் வேண்டாம். கடைசி அரை ஆவர்த்தனத்தைத் திரும்பி வருவதற்கென்றே ஒதுக்குங்கள். சஞ்சாரியில் (ஒரு வரியைக் கதையாக விரிப்பதில்) புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் எடுப்பு: கதை சுவையாகப் போய்க்கொண்டிருக்கும், பாடகர் வரியை எடுத்துவிடுவார், கை இன்னும் கடிவாளத்தில் இருக்கும். ஆரம்பத்தில் ஒரு மாதம் வாரத்துக்கு மூன்று நாள், 20 நிமிடம் போதும். கண்ணாடி முன் வேண்டாம். கண்ணாடி இருந்தால் குறத்தியாக இருப்பதை விட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

கேள்வி: அரைமண்டி போதாது, இன்னும் உட்கார் என்கிறார் மாஸ்டர். பாதத்தை நேர்கோடாகத் திருப்பி உட்கார்ந்தால் ரெண்டு முட்டியும் உள்பக்கம் வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு செய்தால் சரியாகிவிடுமா?
(மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: ஆகாது. கால் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டில். அங்கே திரும்பாததைப் பாதத்தில் திருப்பினால் இடையில் இருக்கும் முட்டி முறுக்கப்படுகிறது. அந்த உள்பக்க வலி அதுதான்.

உங்கள் இடுப்பு எவ்வளவு திரும்பும் என்று வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் குப்புறப் படுத்து ஒரு முட்டியை 90 டிகிரி மடக்குங்கள். இடுப்பெலும்பு தரையை விட்டு எழும்பாமல், முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியை மற்றக் காலின் பக்கமாக மெதுவாகச் சாய விடுங்கள். நேர்நிலையிலிருந்து எவ்வளவு சாய்கிறதோ அதுதான் உங்கள் இடுப்பின் திருப்பம். பலருக்கு அது 40 முதல் 50 டிகிரி. இரண்டு காலும் சேர்த்தால் 80 முதல் 100. பாதம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பலாம். 180 டிகிரிக்கு எல்லாரையும் இழுப்பது வீண்.

பிறகு ஒரு நூலில் சாவியைக் கட்டி, அரைமண்டியில் முட்டிச்சில்லின் நடுவிலிருந்து தொங்கவிடச் சொல்லுங்கள். சாவி பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே நிற்க வேண்டும். பெருவிரலுக்கும் உள்ளே விழுந்தால் பாதத்தை அவ்வளவு திருப்பியது தவறு. சாவி இரண்டாம் விரலுக்கு வரும்வரை பாதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குச் சின்னதாகத் தெரியும், ஆனால் அதிலிருந்துதான் ஆழம் கூடும். குதிகால் சேர்ந்தே இருக்க வேண்டுமா, நடுவே சின்ன இடைவெளி விடலாமா என்பது பாணிக்குப் பாணி வேறு. அதில் மாஸ்டர் சொல்வதே சரி.

ஆழத்துக்குப் பலம் வேண்டும். பக்கவாட்டில் படுத்து, குதிகால்களை ஒட்டி வைத்து, இடுப்பு பின்னால் சரியாமல் மேல் முட்டியை மட்டும் திறந்து மூடுங்கள்: ஒரு பக்கத்துக்கு 15 முறை, இரண்டு சுற்று. பிறகு சுவரில் முதுகை ஒட்டி அரைமண்டி 30 நொடி, நாலு தடவை. மாதக் கடைசியில் ஒரு நிமிடம் வரை. அடிமுதுகு வில்லாக வளைந்தால் அது ஆழமாகக் கணக்கில் வராது. மறுநாள் காலையிலும் முட்டி வலி நீடித்தால் ஆழத்தைக் குறையுங்கள். வீக்கம் இருந்தாலோ படியிறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டாலோ எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

வீட்டுத் தார்சாவில் கருங்கல்லோ சிமென்டோ என்றால் தட்டடவை அங்கே மணிக்கணக்காகப் போடாதீர்கள். மரப்பலகைத் தளம் நல்லது. அது இல்லாவிட்டால் கெட்டி ரப்பர் விரிப்பு. பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும். குதிகால் முந்தினால் அதிர்ச்சி நேரே முழங்கால் எலும்புக்கு ஏறும். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில், விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் தட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பொறுமையால் குணமாகிற வலி அல்ல அது.

கேள்வி: நானே ஒரு கோர்வை (தாளக் கணக்கில் அடுக்கிய அடவு வரிசை) அமைத்துப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?
(மாணவன், சங்கரன்கோவில்)

பதில்: கணக்கில் தொடங்குங்கள் தம்பி, அடவு பிறகு. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் எட்டுத் தட்டு, தட்டுக்கு நாலு மாத்திரை: மொத்தம் 32. முடிவில் “ததிங்கிணதோம்” மூன்று முறை வைத்தால் ஐந்து ஐந்தாகப் பதினைந்து போய்விடும். மிச்சம் 17. அதை “தகதிமி” மூன்று, “தகதகிட” ஒன்று என்று நிரப்பலாம்: 12-உம் 5-உம். வாயால் சொல்லிக்கொண்டே கையால் தாளம் போடுங்கள். பத்து முறை தடங்கலில்லாமல் சமத்துக்கு வந்த பிறகுதான் எழுந்து நிற்க வேண்டும்.

இப்போது உங்கள் சொந்த யோசனைக்கு இடம் அந்தப் பதினேழில் இருக்கிறது. 3, 5, 9 என்று வளர்த்துப் பாருங்கள்: தகிட, தகதகிட, தகதிமி தகதகிட. அதே 17, ஆனால் ஆட்டம் விரிந்துகொண்டே போகிற மாதிரி கேட்கும். 7, 6, 4 என்று சுருக்கினால் வேறு சுவை. கடைசிப் பதினைந்தைத் தொடாதீர்கள். அது நிலையாக இருந்தால்தான் முன்னால் நீங்கள் செய்த மாற்றம் காதில் விழும்.

அடவு வைக்கும்போது வழக்கமாக வருகிற கோளாறு இரண்டு. நாலு மாத்திரைக்குரிய அடவை ஐந்துக்கு இழுத்து நிரப்புவது ஒன்று. நடுவே ஒரு மாத்திரை கை காற்றில் தொங்கும். இழுக்காமல் நாலை ஆடி, ஒரு மாத்திரை தெளிவாக நில்லுங்கள். மற்றது, ஒரு அடவு வலக்காலில் முடிந்து அடுத்ததும் வலக்காலிலேயே தொடங்குவது. காகிதத்தில் மாத்திரைக்குக் கீழே வ, இ என்று காலையும் எழுதிவிட்டால் ஆடுவதற்கு முன்பே இது கண்ணில் பட்டுவிடும். அமைத்ததை ஒரு வாரம் ஆடாமல் வைத்து, பிறகு எடுத்து ஆடி, குருவிடம் காட்டுங்கள். அவர் இரண்டு இடம் மாற்றினால் ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதுதான் பாடம்.

கேள்வி: பெங்களூரில் இருந்தபோது மகள் நாலு ஆண்டு பாலே கற்றாள். இப்போது வண்ணார்பேட்டைக்கு வந்துவிட்டோம். திரையில் வகுப்பு தொடர்கிறது. வயது 11. நுனிக்காலில் நிற்கும் பாயின்ட் ஷூ வாங்கித் தரச் சொல்லி அடம். எதிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறாள், சாப்பாடும் குறைந்திருக்கிறது. பரதமும் சேர்த்துக்கொள்ளலாமா?
(ஒரு தகப்பனார், திருநெல்வேலி)

பதில்: ஷூவை இப்போது வாங்காதீர்கள். பொதுவாக 11, 12 வயதுக்கு முன் பாயின்ட் தொடங்குவதில்லை. வயது மட்டும் போதாது, பல ஆண்டு தொடர்ந்த பயிற்சியும் கணுக்கால் பலமும் வேண்டும். ஒற்றைக் காலில், முட்டி மடங்காமல், கணுக்கால் பக்கவாட்டில் சரியாமல் இருபது முறை முன்பாதத்தில் எழும்பி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தாலும், நேரில் தொட்டுத் திருத்துகிற ஆசிரியர் பக்கத்தில் வேண்டும். ஷூவின் முன்பெட்டியும் அடித்தட்டும் அவள் பாதத்தில் அளவு பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை. திரையில் பார்த்தும் ஆன்லைனில் வாங்கியும் நடத்துகிற வேலை அல்ல.

வீட்டில் பிளியே (முட்டியை மடக்குவது), தாந்து (பாதத்தை நீட்டுவது) பழகுவதற்குச் சுவரில் அறைந்த மரக்கம்பு வேண்டும். நாற்காலி முதுகு அவள் எடையில் நகரும், விழுவாள். கம்பின் உயரம் அவள் இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே. டைல்ஸில் சாக்ஸோடு ஆட விடாதீர்கள். குதிக்கிற பயிற்சியைக் கல் தரையில் அடியோடு தவிர்க்க வேண்டும்.

குறை காண்பதைப் பற்றி: பாலேயில் கால்நிலைகள் ஐந்தும் பெயரிட்ட அசைவுகளும் கறாரானவை, அதனால் எல்லாமே மூடியிருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். திறந்திருப்பது எது என்று காட்டுங்கள். அவளுக்குத் தெரிந்த நாலு சின்ன அசைவுகளை எட்டு எண்ணிக்கைக்குள் அவளே வரிசை மாற்றி அடுக்கட்டும். ஒரே கையசைவை மெதுவான பாட்டுக்கு ஒரு முறை, நாதஸ்வரத்துக்கு ஒரு முறை செய்யட்டும். கை எண்ணிக்கைக்கு முன்னே வந்து சேர்கிறதா, கடைசி நொடியில் வந்து சேர்கிறதா என்பதிலேயே ஆட்டத்தின் குணம் மாறிவிடும். அதைத் தேர்ந்தெடுப்பது அவள். வாரம் ஒரு வகுப்பைக் கண்ணாடியும் கேமராவும் இல்லாமல் செய்யட்டும்.

சாப்பாடு குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மற்ற எல்லாவற்றையும்விட முன்னால் வையுங்கள். வளர்கிற வயதில் உணவைக் குறைத்தால் எலும்பு பலவீனமாகும், அடிக்கடி அடிபடும். எடை குறைவது, ஒளித்துவைப்பது, சாப்பிட்ட பிறகு குற்ற உணர்ச்சி, பின்னாளில் மாதவிடாய் தொடங்கி மூன்று மாதம் நின்றுபோவது, இவற்றில் எதைக் கண்டாலும் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். அவள் உடம்பை யாரும் வீட்டில் விமர்சிக்கக்கூடாது, பாராட்டாகக்கூட.

பரதம் தாராளமாகச் சேர்க்கலாம். ருக்மிணி தேவியே அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்ற பிறகுதான் பரதத்துக்கு வந்தார். பாலேயின் குதிப்பும் பரதத்தின் தட்டும் ஒரே நாளில் வேண்டாம், கெண்டைக்காலும் முன்னெலும்பும் தாங்காது. முதல் ஆறு மாதம் பாதம் குழம்பும்: நீட்டிப் பழகிய விரல்கள் தட்டும்போதும் முந்திக்கொண்டு விழும். பரத ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைத்தால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: பேத்தி ஆடுவதைத் தினமும் போனில் எடுத்து, யாரோ ஆடிய வீடியோவோடு ஒப்பிட்டு முகம் வாடிப்போகிறாள். எடுக்காதே என்று சொல்லலாமா?
(ஒரு ஆச்சி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: எடுக்கட்டும் ஆச்சி, வாரத்துக்கு ஒரு முறை மட்டும். எடுப்பதற்கு முன்பே “இன்றைக்கு முழங்கை மட்டும்” என்று ஒன்றை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பார்க்கும்போது வேறு எதையும் பார்க்கக்கூடாது. ஒப்பிட வேண்டியது போன மாதம் அவளே ஆடிய வீடியோவோடு. மற்றவர் வீடியோவில் பத்து முறை எடுத்து, நன்றாக வந்த அரை நிமிடத்தை மட்டும் போட்டிருப்பார்கள் என்பதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள், உங்கள் பேச்சைக் கேட்பாள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் 25 பிள்ளைகள், 7 முதல் 12 வயது. திருத்திக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் சோர்கிறார்கள். விட்டால் அரைமண்டி போய்விடுகிறது. கற்பனைக்கு எப்படி நேரம் ஒதுக்குவது?
(இளம் ஆசிரியை, சுரண்டை)

பதில்: ஒரு வகுப்புக்குக் கூட்டத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே திருத்தம், பிள்ளைக்கு ஒன்று. அதற்கு மேல் சொன்னால் காதில் ஏறாது. குறையாகச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். “முட்டி உள்ளே வருது” என்றால் பிள்ளை விழிக்கும். “முட்டியைச் சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளு” என்றால் தள்ளும்.

கற்பனைக்குப் பத்து நிமிடம், அடவு முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது, உருப்படி (ஆடும் முழுப் பாட்டு) தொடங்குவதற்கு முன். வகுப்பின் கடைசியில் வைத்தால் களைத்துப்போய் அரட்டைதான் நடக்கும். பிள்ளைகள் கண்ணால் கண்ட பொருளைக் கொடுங்கள்: ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரை இழுப்பது, குறுக்குத்துறைப் படித்துறையில் வழுக்காமல் இறங்குவது, நாற்று நடுவது, பனையேறுவது. “தேர் இழு” என்றால் 25 பேரும் ஒரே மாதிரி கயிறு பிடிப்பார்கள், முன்வரிசைப் பிள்ளையைப் பார்த்து. ஆகவே எல்லாரையும் சுவரைப் பார்த்து நிற்க வையுங்கள். “நல்லா இருக்கு” என்று யாரையும் முதலில் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த நிமிடம் மற்ற 24 பேரும் அதையே செய்வார்கள். கேள்வி கேளுங்கள். வடம் எவ்வளவு தடிமன், உன் விரல் அதைச் சுற்றி வருமா? தேர் அசையாமல் நிற்கும்போது உன் எடை எந்தக் காலில்? அசைந்ததும் கை என்ன ஆகும்? கை அளவு மாறினால் முகம் தானே மாறும், முகத்தைப் பற்றி நீங்கள் பேசவே வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் அரைமண்டியைத் திருத்தாதீர்கள். தாளத்தை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருங்கள். எட்டு எண்ணிக்கையில் தொடங்கி எட்டில் முடிய வேண்டும் என்பதொன்றே கட்டாயம். பெரிய பிள்ளைகளை இருவர் இருவராக்கி, ஒருவர் செய்ததை மற்றவர் எதிர்ப்பக்கக் கையில் செய்யச் சொல்லலாம். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கோர்வைக் கணக்கு வேண்டாம், சொற்கட்டைக் கேட்டுக் கை மட்டும் மாற்றினால் போதும்.

ஆண்டு விழாவில் ஒரு பாட்டில் ஒரே ஒரு ஆவர்த்தனத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரும் தாங்கள் அமைத்ததையே ஆடட்டும். அந்த இடத்தில் வரிசை கலைந்து தெரியும் என்பதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளை மறந்து தப்பாக ஆடிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே திட்டு விழும், அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை அந்த ஆவர்த்தனத்தில் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தே ஆடும்.